மூன்று அம்புலன்ஸ் காணுமா?

கேள்வி: மகள் கம்பசில் வரைபுக் கோட்பாடு படிக்கிறாள். 'ஆளும் தொடை' என்கிறாள், சதுரங்க ராணி என்கிறாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை ஐயா. – ஒரு தாய், முறிகண்டி

பதில்: அம்மா, உங்கள் ஊரால் போகிற ஏ9 வீதியையே எடுப்போம். ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என்று ஒன்பது புள்ளி வைத்து, அடுத்தடுத்ததைக் கோட்டால் இணையுங்கள் (இடையில் விடுபட்ட ஊர்க்காரர் கோபிக்க வேண்டாம்). இப்படிப் புள்ளியும் கோடுமாய் வரைவதுதான் வரைபு. ஒவ்வொரு ஊரிலும், இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்து ஊரிலாவது, ஓர் அம்புலன்ஸ் நிற்க வேண்டும். பரந்தன், மாங்குளம், ஓமந்தை, இந்த மூன்றில் நிறுத்தினால் சரி. அதுதான் ஆளும் தொடை. ஒரு வண்டி, நிற்கிற ஊரோடு சேர்த்து மூன்று ஊரைத்தான் பார்க்கும் என்பதால் இரண்டு காணாது.

சரி, மாங்குளத்து வண்டியே பழுதானால்? வண்டி நிற்கிற ஊருக்கும் பக்கத்தில் இன்னொரு வண்டி வேண்டும் என்றால் அது 'முழு ஆட்சி'. இங்கே தன் ஊர் கணக்கில் இல்லை, பக்கத்து இரண்டு மட்டும்தான். நாலு வண்டி எட்டு ஊரோடு முடிந்துவிடும், ஆகவே ஐந்து தேவை.

ராணிக் கதையும் இதேதான். சதுரங்கக் கட்டம்தான் ஊர், ராணிதான் வண்டி, ராணி ஒரே நகர்வில் போகக்கூடிய கட்டமெல்லாம் அதற்குப் பக்கத்து ஊர். 64 கட்டத்தையும் ஐந்து ராணிகள் காக்கும், நாலால் முடியாது. ஒற்றை வீதி என்பதால் நமக்குச் சுகம். வீதிகள் கண்டபடி பின்னிய பெரிய வலையில் மிகக் குறைந்த எண்ணிக்கையைக் கெதியாகச் சொல்லும் பொதுவழி கணினிக்காரரிடமும் இன்னும் இல்லை, மகள் தலையைச் சொறிவது அதனால்தான்.