வீட்டு கேட் எதிரில் விரைவுச்சாலை: வரைபடத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் வீடு போக்குவரத்து மிகுந்த முக்கியச் சாலையை ஒட்டி இருக்கிறது. இப்போது போக இரண்டு லேன், வர இரண்டு லேன், நடுவில் பெயின்ட் கோடு மட்டும். இதை நடுவில் தடுப்பு வைத்த விரைவுச்சாலையாக மாற்றப்போகிறார்கள். திட்ட வரைபடம் மக்கள் பார்வைக்கு வந்திருக்கிறது. எல்லோரும் நிலம் எவ்வளவு போகும் என்றுதான் கேட்கிறார்கள். வேறு என்ன கேட்க வேண்டும்?

பதில்: நிலத்தைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் கேட்டைப் பற்றிக் கேளுங்கள். நிலமே போகாத வீட்டுக்கும் கேட் போய்விடலாம்.

நடுவில் ஒரு சுவர் எழுப்பி, லேனைக் கூட்டினால் அது விரைவுச்சாலை ஆகிவிடாது. பக்கத்திலிருந்து யாரும் நினைத்த இடத்தில் நுழைய முடியாது என்பதுதான் விரைவுச்சாலையின் அடிப்படை. கணக்கைப் பாருங்கள். சிக்னலில் பச்சை விளக்கு ஒரு மணி நேரம் அணையாமல் எரிந்தால் ஒரு லேனில் ஏறக்குறைய 1,900 கார்கள் போகும். ஆனால் குறுக்குச் சாலைக்கும் பங்கு கொடுக்க வேண்டுமே. பச்சைக்கு 40 சதவீத நேரம் கிடைத்தால் 760 கார்தான். சிக்னலும் சந்திப்பும் இல்லாத விரைவுச்சாலையில் அதே ஒரு லேன் மணிக்கு 2,000 கார்களுக்கு மேல் தாங்கும். ஆக, புது லேன் தருவதைவிட மூடப்படும் சந்திப்புகள் தருவதுதான் அதிகம். உங்கள் கேட்டும் அந்தக் கணக்கில் ஒரு குட்டி முச்சந்திதான்.

பாதுகாப்புக்காகவும் அதை மூடியே ஆக வேண்டும். ஒரு டிரைவர் ஆபத்தைக் கண்டு வண்டியை நிறுத்த, 50 கி.மீ. வேகத்தில் சுமார் 65 மீட்டர் வேண்டும் என்று கணக்கு வைத்துச் சாலையை வடிவமைப்பார்கள். வேகம் 100 ஆனால் அது சுமார் 185 மீட்டர். வேகத்தை ஏற்றிவிட்டு கேட்டையும் சிக்னலையும் அப்படியே விடும் அரைகுறைத் திட்டங்களும் உண்டு. என்னைக் கேட்டால் அவைதான் எல்லாவற்றிலும் மோசம். "எங்கள் கேட்டை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று மனு போடாதீர்கள். விரைவுச்சாலைக்கு இணையாக ஓரத்தில் வீடுகளுக்காகப் போடும் சர்வீஸ் ரோடு கேளுங்கள்.

வரைபடத்தில் செயினேஜ் என்று எண்கள் இருக்கும். 12+350 என்றால் தொடக்கப் புள்ளியிலிருந்து 12 கி.மீ. 350 மீட்டர். உங்கள் வீடு எந்த எண்ணில் வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அப்புறம் சர்வீஸ் ரோடு எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது, அது ஒருவழியா இருவழியா, எதிர்ப்பக்கம் போக அடுத்த பாலம் எந்த எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ரோடு ஒருவழியாக இருந்தால் எதிர்வரிசை வீட்டுக்குப் போகக்கூடச் சில கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். ஆட்சேபனையை இந்த எண்களோடு எழுதிக் கொடுங்கள். "எங்களுக்குச் சிரமம்" என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

மேலிருந்து பார்க்கும் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சாலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காட்டும் நீளவாக்குப் படம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் யாரும் அதைப் பிரிப்பதே இல்லை. உங்கள் இடத்தில் சாலை தரைமட்டத்திலா, மண்மேட்டின் மேலா, பள்ளத்திலா என்பதை அதுதான் சொல்லும். மண்மேட்டின் மேல் போனால் அது ஓர் அணை மாதிரி. இத்தனை நாளும் சாலையைக் கடந்து ஓடிய மழைநீர் சாலைக்கு அடியில் நீர் போக விடும் எந்தக் கல்வெர்ட் (சிறு பாலம்) வழியாகப் போகும், அது போய்ச் சேரும் கால்வாய்க்கு அந்த நீரைத் தாங்கும் அகலம் இருக்கிறதா என்று கேளுங்கள். சாலை முடிந்த பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

நடந்து கடப்பவர்களுக்கும் அந்தப் படத்தில்தான் விடை. தரைமட்டச் சாலைக்கு மேல் நடைபாலம் என்றால், அடியில் லாரி போக 5 மீட்டருக்கு மேல் இடைவெளி விட வேண்டும். ஏறும் உயரம் 6 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 சரிவு வைத்தால் ஒரு பக்கச் சாய்தளமே 72 மீட்டர், நடுவே வரும் சமதளங்கள் தனி. முதியவர் யாரும் அதில் ஏறமாட்டார். இளைஞர்கள் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள். சாலையை அந்த இடத்தில் உயர்த்தி, கீழே சமதளமாக நடந்துபோக வழி விட்டால் இந்தச் சிக்கல் இல்லை. பள்ளியோ மருத்துவமனையோ எதிர்ப்பக்கம் இருந்தால் இதற்காகக் கட்டாயம் வாதாடுங்கள்.

சத்தம் கூடும். காரின் வேகம் 50 கி.மீ. தாண்டினாலே இன்ஜினைவிட டயர் சத்தம்தான் ஓங்கும், அதனால் மின்சாரக் கார்கள் வந்தாலும் பெரிய நிம்மதி கிடைக்காது. ஒலித்தடுப்புச் சுவர், உங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் சாலை தெரியாத உயரத்துக்கு இருந்தால்தான் வேலை செய்யும். மாடி வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒற்றை வரிசை மரம் கண்ணுக்கு நல்லது, காதுக்கு அவ்வளவாக உதவாது.

வேலை நடக்கும் வரிசையையும் எழுத்தில் வாங்குங்கள். வடிகால், குடிநீர்க் குழாய், மின்கம்பிகளை இடம் மாற்றி, சர்வீஸ் ரோட்டைத் திறந்துவிட்ட பிறகே பழைய சாலையைத் தோண்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் வேலை முடியும்வரை வாசலில் பள்ளம்தான்.

சரி, நிலம். பாதி மனை போகிறதென்றால் எடுத்த அளவுக்கு மட்டும் இழப்பீடு பேசி முடித்துவிடாதீர்கள். மீதி இடத்தில், புதிய சாலை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியையும் விட்டுவிட்டு, வீடு கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் முழு மனையையும் எடுத்துக்கொள்ளச் சொல்ல வழி உண்டா, மிச்ச இடத்தின் மதிப்புக் குறைவுக்கு ஈடு உண்டா என்று நிலச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஆட்சேபனைக் கெடு முடிவதற்குள் கேட்டுவிடுங்கள்.