நங்கூரத்தில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கேள்வி: என் தங்கைக்குக் கடலடி நங்கூரங்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. நங்கூரம் காலங்காலமாக இருக்கும் இரும்புக் கொக்கிதானே? அதில் நான்கு வருடம் ஆராய என்ன இருக்கிறது?

இதே கேள்வியை நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது என் மாமா கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

தங்கை மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நல்ல ஐடி வேலையை விட்டுவிட்டுச் சேற்றைக் கிளறப் போகிறாளே என்ற பேச்சும் உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும்.

நீங்கள் சொல்லும் கொக்கி, கப்பலை இரண்டு நாள் நிறுத்தி வைப்பதற்கானது. இருபது, முப்பது வருடம் ஒரே இடத்தில் மிதக்க வேண்டிய எண்ணெய்க் கப்பலையோ காற்றாலையையோ பிடித்து வைக்க இன்று பல இடங்களில் உறிஞ்சு நங்கூரங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துக் கடலடியில் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தன் எடையில் அது கொஞ்சம் புதையும். பிறகு மேல்மூடியில் உள்ள துளை வழியாக உள்ளிருக்கும் நீரைப் பம்பு வைத்து வெளியேற்றினால், வெளியில் உள்ள கடலின் அழுத்தமே அதை மண்ணுக்குள் அமுக்கிவிடும். 2017-இல் ஸ்காட்லாந்துக் கடலில் நிறுவப்பட்ட ஹைவிண்ட் காற்றாலைகள் ஐந்தும் இப்படித்தான் நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மூன்று நங்கூரங்கள். எண்ணெய்க் கம்பெனிகளுக்காக உழைக்கும் துறை என்று யாராவது கருத்திட வருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று நமக்குத் தெரியும். அதைப் பிடித்திருக்கும் மண்தான் பிரச்சினை. ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் நார்த் ராங்கின் எரிவாயு மேடைக்கு 1982-இல் அடித்தூண்களை இறக்கியபோது, சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டிய எஃகுக் குழாய்கள் தம் எடையிலேயே சரசரவென்று இறங்கிப் போயின. அந்த மணல் நம் ஆற்று மணல் போன்றது அல்ல. கடல் உயிரிகளின் ஓட்டுத் துகள்களால் ஆனது, உள்ளே பொள்ளலாக இருப்பது. தூண் இறங்கும்போது துகள்கள் நொறுங்கிவிடுவதால் தூணைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்க எதுவும் இருப்பதில்லை. வேறு மணலில் கற்ற கணக்கை நம்பி வந்தவர்களுக்கு அந்தக் கடல் கொடுத்த பதில் அது. அதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் பிடித்தன. பெர்த்தில், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மார்க் ராண்டால்ஃப் தலைமையில் 1997-இல் கடலடி அடித்தளங்களுக்கென்றே ஒரு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது சும்மா இல்லை.

இனி என் கதை. எந்த ஆய்வுக்கூடத்தில் நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய கினி வளைகுடாவில் செர்பென்டினா என்ற எண்ணெய் மிதவைக் கப்பலின் உறிஞ்சு நங்கூரங்களுக்கு முன்னால், கப்பலையும் நங்கூரத்தையும் இணைக்கும் சங்கிலி மண்ணை அறுத்து அறுத்து ஆழமான பள்ளங்களை உண்டாக்கியிருந்தது. கப்பலின் நங்கூர அமைப்பையே மாற்ற வேண்டி வந்தது. 2014-இல் அது கட்டுரையாக வந்ததும் துறையில் உள்ளவர்கள் எல்லோரும் கலங்கிப் போனார்கள், ஏனென்றால் அப்படி ஒரு பள்ளத்தை யாருடைய கணக்கும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பள்ளம் எப்படி உருவாகிறது என்பதுதான் என் ஆய்வு.

கடலுக்குள் போய் இருபது வருடம் காத்திருக்க முடியாது. அதனால் மையவிலக்குப் பொறியில் சின்ன உருவில் செய்து பார்ப்போம். நூறில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, புவியீர்ப்பைப்போல் நூறு மடங்கு விசையில் சுழற்றினால், மண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் அசல் கடலடியில் உள்ளதைப் போலவே ஆகிவிடும். களிமண்ணிலிருந்து நீர் வடிந்து அது இறுகும் வேகமோ பத்தாயிரம் மடங்கு கூடும். பொறிக்குள் நான்கு நாள் என்றால் கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட வருடங்கள். பீங்கான் களியைத் தோசை மாவு பதத்தில் கரைத்து ஊற்றிவிட்டு, அந்த நான்கு நாளும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் முதல் சோதனையில் பள்ளமே விழவில்லை. சங்கிலியை ஆயிரக்கணக்கான முறை இழுத்து விட்டேன், களி அசையவில்லை. வரைபடம் அவ்வளவு அழகாக வந்தது. "இந்த வகைக் களியில் பள்ளம் உருவாகாது" என்று முடிவுரைக்கு ஒரு வரிகூட எழுதிவிட்டேன். அப்போது கூடத்தின் மூத்த டெக்னீஷியன் ஒன்று கேட்டார்: "களிக்கு மேலே தண்ணீர் நின்றதா, பார்த்தாயா?" நான் பார்க்கவில்லை. பொறி சுற்றும் வேகத்தில் வீசும் காற்று மேல்நீரை உலர்த்திக்கொண்டே இருக்கும், அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் வரும் குழாய் இரவில் அடைத்திருக்கிறது. களியின் மேல் நான்கு மில்லிமீட்டர் காய்ந்து ஓடாகியிருந்தது. அசல் அளவில் அது நாற்பது சென்டிமீட்டர் கெட்டித் தரை. கடலடியில் அப்படி ஒரு தரை எப்படி இருக்க முடியும்? நான் அளந்தது கடலையே அல்ல, வெயிலில் காய்ந்த ஏரியை.

உண்மையைச் சொல்கிறேன், அன்று இரவு அந்த வரைபடத்தை அப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் சிவில் படித்த கல்லூரியில் மண்ணியல் ஆய்வகத்துக்கு மூன்று வருடத்தில் நாங்கள் போனதே கொஞ்சம்தான். முந்தைய ஆண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதுவோம். "வர வேண்டிய விடை" முதலிலேயே தெரியும், அதற்கு ஏற்ற எண்களைப் பின்னால் இருந்து போட்டுக்கொள்வோம். கையெழுத்தும் விழும், முழு மதிப்பெண்ணும் விழும். எல்லாக் கல்லூரிகளும் அப்படி என்று சொல்லவில்லை, தன் கையால் களி பிசைந்து காட்டிய ஆசிரியர்கள் இருப்பதும் தெரியும். ஆனால் இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் பொய் அளவு எழுதப் பழக்கிவிட்டு, அவர்களையே பாலமும் அணையும் கட்ட அனுப்புகிறோமே என்ற ஆத்திரம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நீங்கள் இதைக் கேட்கவில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

மறுநாள் களி முழுவதையும் அள்ளிக் கொட்டினேன். மீண்டும் கரைத்து, மீண்டும் நான்கு நாள் சுழற்றினேன். இந்த முறை ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் நீர்மட்டம் பார்த்தேன், இரவிலும்தான். சங்கிலி இழுக்கத் தொடங்கியதும் களி மேல்நீரோடு கலந்து குழைந்தது, குழைந்தது கரைந்தது, சங்கிலி போன வழியே மெல்ல ஒரு கோடு விழுந்தது. பொறியை நிறுத்தி மூடியைத் திறந்தபோது நங்கூரத்துக்கு முன்னால் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் இருந்தது.

பீங்கான் களி வேறு, கினி வளைகுடாவின் களி வேறு, ஒரு சோதனையை வைத்து எதையும் நிரூபித்ததாகச் சொல்ல முடியாது என்று துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். சரிதான், நானும் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகும் பலமுறை செய்து பார்த்துத்தான் எழுதினேன்.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். மிதக்கும் காற்றாலைகள் வந்துகொண்டிருக்கின்றன, எனக்குக் கிடைத்தது. தங்கையிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: போன முதல் வாரத்திலேயே அந்தக் கூடத்தின் டெக்னீஷியனிடம் போய்ப் பேசச் சொல்லுங்கள், பேராசிரியரைப் பார்ப்பதற்கு முன்பே.