கேளுங்க, சொல்றேன்: பின்கட்டுத் தொட்டியும் மார்கழி வெயிலும்

கேள்வி (பள்ளத்தூர் வாசகி): அண்ணே, எங்க பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். போன மார்ச்ல (2020) கொரோனா ஊரடங்கு போட்டப்ப ஹாஸ்டல காலி பண்ணிட்டு வந்தவன், இன்னும் வீட்லதான் இருக்கான். வீடு என்னமோ இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அந்தத் தெருவுல முடியுது, ஆனா சுவர் கனத்துக்கு உள்ள சிக்னல் வராது, கிளாஸ் கேக்கணும்னா முகப்புத் திண்ணைக்குத்தான் வரணும், அவங்க அப்பச்சி, அதான் என் வீட்டுக்காரரு, அங்கதான் பேப்பர் படிப்பாரு, ரெண்டு பேருக்கும் தினம் முட்டல். மார்கழி பொறந்ததும் என் கொழுந்தனாருக்கு பாசிட்டிவ் வந்து மறுபடி எல்லாரும் 14 நாள் உள்ளயே. அப்பதான் தோட்டத்துல இருக்கிற சிமெண்ட் தொட்டிக்கு சோலார் ஹீட்டர் செய்றேன்னு எறங்கினான். தொட்டி 12க்கு 8 அடி, மூணரை அடி தண்ணி நிக்கும். எங்க மாமியாவுக்கு மூட்டு வலி, தண்ணிக்குள்ள நின்னு கால அசைச்சா நல்லதுன்னு டாக்டர் சொன்னத மனசுல வச்சிருந்திருக்கான். 100 மீட்டர் கருப்பு ஓஸ மொட்டை மாடியில சுருட்டி வச்சு அரை ஹெச்பி மோட்டார்ல ஓட்டுறான், வால்வ இறுக்கி கொஞ்சமா விட்டா ஓஸ்ல வர்ற தண்ணி கை பொறுக்காத சூடு, ஆனா தொட்டி மட்டும் ஜில்லுன்னே கெடக்கு. அவங்க அப்பச்சி காசக் கொண்டுபோய்க் கொட்டிட்டான்னு சத்தம் போட்டாரு, அதுல இருந்து பையன் யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசல. இது சரியாகுமா, இல்ல விட்டுர்றான்னு சொல்லிரவா?

பதில்: விட்டுர்றான்னு மட்டும் சொல்லாதீங்க ஆச்சி. பத்து மாசமா ஒரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்குற இருபது வயசுப் பையன், செல்போன கையில வச்சுக்கிட்டு மூலையில படுக்காம அவங்க அப்பத்தா காலுக்காக ஒரு வேலைய எடுத்துச் செஞ்சிருக்கான், அத அவங்க அப்பச்சிகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும். அவன் செஞ்ச முறை சரிதான். பத்தாதது அளவு, அத கணக்கோட சொல்றேன், பையன்கிட்ட கொடுங்க.

உங்க தொட்டியில சுமார் 9,500 லிட்டர் தண்ணி இருக்கு. ஆயிரம் லிட்டர ஒரு டிகிரி சூடேத்த 1.16 யூனிட் வேணும் (கரண்ட் பில்லுல வருதே அதே யூனிட்), அப்ப உங்க தொட்டிக்கு டிகிரிக்கு 11 யூனிட். நம்ம பக்கத்து வெயில் இந்த மாசத்துல ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு நாலஞ்சு யூனிட் கொடுக்கும். 100 மீட்டர் ஓஸ பரப்பி வச்சாலே வெயில் படுற இடம் 2 சதுர மீட்டர்கூட வராது, சுருள் ஒண்ணு மேல ஒண்ணு கெடந்தா அதுலயும் பாதி நிழல். ரொம்ப நல்லா ஓடினாலும் ஒரு நாளைக்கு 5 யூனிட், அதாவது அரை டிகிரி. அது ராத்திரியே போயிரும். தொட்டி ஜில்லுன்னு கெடக்குறதுக்கு காரணம் இவ்வளவுதான்.

நீச்சல் தொட்டிய வெயில்ல சூடு பண்றதுக்கு பொதுவா சொல்ற அளவு, தொட்டியோட மேல்பரப்புல பாதியில இருந்து முழுசு வரைக்கும் பைப் பரப்பு வேணும்ங்கறது. உங்களுக்கு குறைஞ்சது 50 சதுர அடி. அதுக்கு தோட்டத்து ஓஸ வாங்கிக் கட்டுப்படியாகாது, சொட்டுநீர்க் கடையில 16 மில்லிமீட்டர் கருப்பு லேட்டரல் குழாய் கிடைக்கும், ஓட்டை போடாத பிளைனா கேட்டு 300 மீட்டர் வாங்குங்க. அத ஒரே நீளமா விடக்கூடாது, இதுதான் முக்கியம். 25 மீட்டர் வீதம் 12 கிளையா வெட்டி, ரெண்டு முனையிலயும் ஒன்றரை இஞ்ச் பைப்புல சேத்துருங்க. ஒரே ஓஸா இருந்தா தண்ணி உரசி உரசி மோட்டார் திணறும், 12 வழி கொடுத்தா அதே தண்ணி லேசா ஓடிரும், அரை ஹெச்பியே தேவைப்படாது. அந்த மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினா தினம் 3 யூனிட், ரெண்டு மாச ரீடிங்ல 180, இலவசமா வர்ற யூனிட்ட அது ஒண்ணே தின்னுரும். பைப்ப மாடியில வைக்காம தொட்டி ஓரமா நல்லா வெயில் விழுற தரையில தெக்கப் பாத்து சாய்ச்சு வச்சா, தண்ணிய மேல ஏத்துற வேலையும் மிச்சம். நாட்டு ஓட்டு மேல மட்டும் ஏத்தவே ஏத்தாதீங்க, பழைய ஓடு, ஒருத்தர் கால் வச்சாலே உடையும், திரும்ப அதே ஓடு கிடைக்காது.

அப்புறம் அந்த வால்வு. கை பொறுக்காத சூடு வந்தா நல்லா வேலை செய்யுதுன்னு தோணும், உண்மையில அந்தச் சூட்டுல பாதிய பைப்பே வெளிக்காத்துக்குக் கொடுத்துட்டு நிக்கும். முழுசா தெறந்து விடணும். திரும்பி வர்ற தண்ணி தொட்டித் தண்ணிய விட ரெண்டு மூணு டிகிரி கூட இருந்தாப் போதும், கையில தொட்டா வித்தியாசமே தெரியாது, ஆனா அப்பதான் வெயில் அதிகமா தண்ணிக்குள்ள எறங்குது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுங்க, தினம் எழுதி வைக்கட்டும்.

இவ்வளவு செஞ்சும் மூடி போடலன்னா வீண். தொட்டியில சூடு போறது பெரும்பாலும் ஆவியாத்தான். ஒரு நாள்ல 5 மில்லிமீட்டர் தண்ணி கொறைஞ்சா உங்க அளவுக்கு 45 லிட்டர், அது கூடவே 30 யூனிட் சூட்டத் தூக்கிட்டுப் போயிரும், 300 மீட்டர் குழாய் நாள் பூரா சேக்குறது 15 யூனிட்தான்னா பாத்துக்கங்க. அதனால முதல்ல பபிள் ஷீட்ட (காத்துக் குமிழி வச்ச பிளாஸ்டிக் ஷீட்) வாங்கி தண்ணி மேல மெதக்க விடுங்க, குழாய அடுத்த மாசம்கூட வாங்கலாம். மாமரத்துக் கிளை நிழல் விழுதுன்னா அதையும் கழிச்சு விடுங்க, தொட்டி மேல விழுற வெயில் காசில்லாத வெயில். எல்லாம் சேந்து நாலஞ்சு நாள்ல நாலஞ்சு டிகிரி ஏறிரும். அப்பத்தா எறங்குறதுக்கு விடியக்காலை வேண்டாம், சாயந்தரம் மூணு நாலு மணிக்குத்தான் தண்ணி இருக்கிறதுலயே வெதுவெதுப்பு. எறங்கும்போது மூடிய பாதி சுருட்டி விடாம முழுசா எடுத்துரணும், சின்னப் பிள்ளைங்க அதுக்கடியில மாட்டிக்கிட்டா வெளிய தெரியாது. மோட்டார ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆள் எறங்கணும், அந்த லைன்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற ஸ்விட்ச்) கட்டாயம்.

முத்தத்துல பித்தளை அண்டாவ வெயில்ல வச்சு, அந்தத் தண்ணியில பிள்ளைய குளிப்பாட்டின வீடுதான நம்ம வீடெல்லாம். அவங்க அப்பச்சியும் அப்படிக் குளிச்சு வளந்தவராத்தான் இருப்பாரு, தெர்மாமீட்டர் பாக்குற பொறுப்ப அவருக்கே கொடுங்க. திண்ணையில காலைல 9ல இருந்து 12 வரை பையனுக்கு, மத்த நேரம் அவருக்குன்னு பிரிச்சு விட்டா முட்டல் பாதி கொறையும்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பக்கத்துல குடியிருக்கேன். பைப்புக்குப் பதிலா கரண்ட் எடுக்குற சோலார் பேனல் போட்டு அதுல ஹீட்டர் காயில் வச்சு தொட்டிய சுட வைக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 65 சதுர அடிக்குப் பேனல் போட்டா நாளைக்கு நாலு யூனிட் கரண்ட் வரும், அதே இடத்துல கருப்புக் குழாய் பதினஞ்சு யூனிட்டுக்கு மேல சூடு கொடுக்கும், விலையும் அதுல ஒரு துண்டுதான். ஆள் நிக்கிற தண்ணிக்குள்ள காயில் போடுறது உயிரோட வெளையாடுறது. ஒரு சின்ன பேனல் வாங்கி, பேனல் கரண்ட்லயே நேரா ஓடுற டிசி பம்ப ஓட்டுங்க, அது நல்ல யோசனை, வெயில் இருந்தா ஓடும், போனா தானா நின்னுரும். இன்னொண்ணும் இருக்கு, சித்திரையில தொட்டி கொதிக்கும்போது இதே குழாயில ராத்திரி தண்ணிய ஓட்டினா வெறும் வானத்தப் பாத்து குளுந்து வரும், அப்ப பேனல் உதவாது, ஈபி கரண்ட்ல போடணும்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): எனக்கு கொரோனா பாசிட்டிவ் வந்து வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க, தெருவுல ஒருத்தரும் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குறாங்க. மாடியில தனியா இருக்கேன், பின்னாடி தொட்டியில பிள்ளைங்க குளிக்கலாமா, தண்ணியில கிருமி இருக்குமா?

பதில்: அந்த ஸ்டிக்கர் ஒட்டினதும் பால்காரர் தூரத்துலயே நிக்கிறப்ப மனசு எப்படி வலிக்கும்னு தெரியுது, நோய் வந்தது உங்க குத்தம் இல்ல. யாராவது ஒருத்தர தெனம் ஒரு நேரத்துக்கு போன் பண்ணச் சொல்லுங்க, நேரம் குறிச்சு வச்சா அதுக்காகக் காத்திருக்கலாம். குளோரின் சரியா இருக்கிற தொட்டித் தண்ணி வழியா கொரோனா பரவினதா சான்று இல்ல, ஆள் பேசினா, இருமினா வர்ற காத்து வழியாத்தான் பெரும்பாலும் பரவும். ஆனா நீங்க அந்தப் பக்கமே போக வேண்டாம், பிள்ளைங்களும் வெளிப் பிள்ளைங்களச் சேக்காம வீட்டுப் பிள்ளைங்க மட்டும் குளிக்கட்டும். பத்தாயிரம் லிட்டருக்கு பிளீச்சிங் பவுடர் 60 கிராம் போல, பக்கெட்ல கரைச்சு தெளிய விட்டு, மேல் தண்ணிய மட்டும் சாயந்தரம் ஊத்துங்க. தண்ணி வெதுவெதுன்னு இருந்தா குளோரின் சீக்கிரம் தீரும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாக்கணும், மருந்தில்லாம தேங்க விட்டா டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாள்ல பறந்து வந்துரும். தொட்டித் தண்ணிய மாத்தும்போது குளோரின் போடாம ரெண்டு நாள் நல்ல வெயில் பட விட்டுட்டு தென்னைக்குப் பாய்ச்சுங்க.