அபேட் போட்டும் புழு நெளிகிறது

வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் 48 வீடுகள். நிலத்தடித் தொட்டியில் மாதம் ஒருமுறை அபேட் ஊற்றுகிறோம், வாரம் ஒருமுறை புகை அடிக்கிறார்கள். அப்படியும் தொட்டியில் புழு. "கொசுவுக்கு மருந்து பழகிப்போச்சு, டபுள் டோஸ் போடுங்க" என்கிறார்கள். போடலாமா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், வேளச்சேரி

அன்புள்ள செயலாளருக்கு,

போடாதீர்கள். அபேட் என்பது டெமிஃபாஸ் என்ற கொசுப்புழுக்கொல்லி. குடிக்கும் நீரில் அதை லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கக் கூடாது. மேலும், உங்கள் மருந்து புழுவைச் சரியான அளவில் எட்டியதா என்பதே இன்னும் தெரியவில்லை.

ஊற்றுவதாகச் சொல்கிறீர்கள், அப்படியானால் அது திரவம். தினமும் நிரப்பி இறைக்கும் தொட்டியில் திரவம் சில நாளில் கழுவிப்போய்விடும். மிஞ்சும் நீர்த்த மருந்து வலுவற்ற புழுவை மட்டும் கொன்று, தாங்கும் புழுவை மிச்சம் வைக்கும். எதிர்ப்பு வளர்வது இப்படித்தான். எந்தக் கொசுவும் மருந்துக்குப் 'பழகுவதில்லை'; தாங்கும் மரபணு உள்ளது பிழைத்து முட்டையிடுகிறது. 1 சதவீதம் டெமிஃபாஸ் ஏற்றிய மணல் குருணை கேட்டு வாங்குங்கள். 100 லிட்டருக்கு 10 கிராம், 5,000 லிட்டர் தொட்டிக்கு அரைக் கிலோ. அன்றைக்குக் கிடக்கும் நீருக்கல்ல, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்குக் கணக்கு.

சந்தேகத்தைத் தீர்க்க மூன்று குவளை போதும். சோப்பு வாடை இல்லாத குவளைகள். முதலாவதில் மருந்து படாத, குளோரின் இல்லாத நீர். இரண்டாவதில் உங்கள் தொட்டி நீர். மூன்றாவதற்கு, 10 லிட்டர் வாளியில் 1 கிராம் குருணை போட்டு ஒருநாள் ஊறவைத்த நீர். ஒவ்வொன்றிலும் நன்கு வளர்ந்த 20 புழுக்கள். கமா வடிவில் சுருண்டிருக்கும் கூட்டுப்புழுவைச் சேர்க்காதீர்கள். அது தின்பதில்லை, இந்த மருந்துக்கு எளிதில் சாகாது, கணக்கைக் கெடுக்கும். கொசுவலைத் துணியால் மூடி, 24 மணி நேரம் கழித்துக் குச்சியால் தொட்டுப் பாருங்கள்.

முதல் குவளையிலேயே நான்குக்கு மேல் செத்திருந்தால் சோதனை செல்லாது, திரும்பச் செய்யுங்கள். இரண்டாவதில் பிழைத்து மூன்றாவதில் செத்தால் குற்றம் அளவில். மூன்றாவதிலும் பலது நெளிந்தால்தான் எதிர்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது சுகாதார ஆய்வாளரிடம் சொல்லி பி.டி.ஐ. பாக்டீரியா மருந்துக்கு மாறலாம். அதில் பல நச்சுப் புரதங்கள் ஒருசேரப் புழுவின் குடலைத் தாக்குவதால் தப்புவது கடினம். எதைப் போட்டாலும் வாரம் ஒருமுறை தொட்டிச் சுவரை நீர்மட்டத்துக்கு மேலே பிரஷால் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

புகை வேறு கதை. டப்பாவில் பெயரைப் படியுங்கள். சைஃபினோத்ரின், டெல்டாமெத்ரின் என்று 'த்ரின்' விகுதி இருந்தால் பைரித்ராய்டு குடும்பம். வீட்டில் செருகும் திரவத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரினும் அதே குடும்பம்தான். எல்லாம் கொசுவின் நரம்பில் சோடியத்தை உள்ளே விடும் வாயில் புரதத்தைத்தான் குறிவைக்கின்றன. அந்தப் புரதத்தின் 1534ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே ஏடிஸ் இந்தக் குடும்ப மருந்துகள் பலவற்றைத் தாங்கும். ஆகவே பிராண்டை மாற்றுவது மருந்தை மாற்றுவதாகாது. மாலத்தியான் அடித்தால் அது வேறு குடும்பம், ஆனால் அபேட்டும் அதே பாஸ்பரஸ் குடும்பம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

வளர்ந்த கொசுவின் எதிர்ப்பைக் குவளையில் பார்க்க முடியாது. பூச்சியியலாளர்கள் இரத்தம் குடிக்காத, 3 முதல் 5 நாள் வயதுள்ள 100 பெண் கொசுக்களைக் குழாய்க்கு 25 வீதம் மருந்துத்தாளோடு ஒரு மணி நேரம் அடைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். 98 அல்லது அதற்கு மேல் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி.

இன்னொன்று. கடிப்பது பகலிலா, நள்ளிரவிலா? நள்ளிரவில் என்றால் அது பெரும்பாலும் கியூலெக்ஸ், செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் பிறப்பது. குடிநீர்த் தொட்டியில் எத்தனை அபேட் போட்டாலும் அதற்குத் தெரியவே தெரியாது. செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.