பொய் பிடிக்கும் மெஷினை நம்பி அரசு வேலைக்கு ஆள் எடுக்கலாமா?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் சி.ஐ.ஏ., எஃப்.பி.ஐ. வேலைக்குப் பொலிகிராப் என்ற பொய் பிடிக்கும் மெஷின் சோதனை வைக்கிறார்கள். பொய் பிடிபடும்தானே, பிறகேன் அதைப் பற்றிச் சண்டை?"

தம்பி, அந்த மெஷினுக்குப் பொய் தெரியாது. மூச்சு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தோலின் வியர்வை, அவ்வளவுதான் அளக்கும். போர்க்காலத்தில் ஏ9 வீதியில் சோதனைச்சாவடி வரிசையில் ஒரு மூட்டை நெல்லோடு நின்ற எங்கள் சனத்துக்கு நெஞ்சு எப்படி அடித்தது என்று வீட்டில் கேட்டுப் பாரும். ஒளிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் அடித்தது.

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகக் குழுவின் 2003 அறிக்கையில் ஒரு உதாரணம் இருக்கிறது: 10,000 ஊழியரில் 10 பேர் உளவாளிகள் என்று வையும், அதில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையை இறுக்கினால் கூடவே சுமார் 1,600 அப்பாவிகளும் மாட்டுவார்கள், அப்போதும் 2 உளவாளிகள் தப்புவார்கள். நிஜத்திலும் நடந்தது. சோவியத்துக்கு உளவு பார்த்த சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 இரண்டு சோதனையிலும் தேறிவிட்டார்.

பயத்தில் ஆட்கள் தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். இருக்கலாம், ஆனால் அதற்கு மெஷின் சரியாக வேலை செய்யத் தேவையே இல்லையே. 1988இல் அமெரிக்காவில் வந்த சட்டம் பெரும்பாலான தனியார் முதலாளிகள் இதைப் பாவிப்பதைத் தடுத்தது. அரசோ தனக்கு விலக்கு வைத்துக்கொண்டது. எனக்கு எரிச்சல் அதில்தான்.