டெக்காலைச் சுற்றி வெள்ளிப் படலம்

1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலின் இறக்கையில் ஒட்டிய வட்டச் சின்ன டெக்காலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) சுற்றி வெள்ளிபோல் மினுங்குகிறது, பிய்த்து எடுத்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே, காப்பாற்றிவிடலாம். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் கண்ணுக்குத்தான் சமமாகத் தெரியும், உண்மையில் சொரசொரப்பு. அந்தக் குழிகளில் சிக்கிய காற்றுதான் மினுங்குகிறது.

மெல்லிய ஊசி முனையால் வெளுத்த இடங்களில் மட்டும் லேசாகக் குத்துங்கள். மேலே மைக்ரோ சால் (டெக்காலை இளக்கும் திரவம்) கொஞ்சம் தடவுங்கள். டெக்கால் சுருங்கும், பதறிப்போய் விரலை வைத்துவிடாதீர்கள். காயும்போது தானாகவே படிந்து, இறக்கையில் செதுக்கிய பேனல் கோடுகளுக்குள் இறங்கும், பார்க்கவே அவ்வளவு அழகு! மறுநாளும் மினுங்கினால் இன்னொரு முறை செய்யுங்கள். அப்புறம் மேட் வார்னிஷ்.

அடுத்த விமானத்துக்கு, டெக்கால் ஒட்டும் முன்பே பளபளப்பான கிளியர் கோட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.