என்டிஐஎஸ் 31,000 டாலர் கொடுத்திருக்கு, தெரபிக்கு ஒரு லட்சம் ஆகுது: ட்ரைபியூனல் போகலாமா?

கேள்வி, சுருக்கமா: சிட்னி மேற்குப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிப் பணம் கொடுக்கற ஆஸ்திரேலிய அரசுத் திட்டமான என்டிஐஎஸ் பத்தி எழுதியிருக்காங்க. பையனுக்கு ஏழரை வயசு, ஆட்டிசம் லெவல் 2 (கணிசமான உதவி தேவைப்படற அளவு). வாரத்துக்கு 20 மணிநேரம் ஏபிஏ (நடத்தையைப் படிப்படியா மாத்தற தெரபி) வேணும்னு தெரபிஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தும், என்டிஐஎஸ்ஸை நடத்தற ஏஜென்சி தெரபிக்கு வருஷத்துக்கு 31,000 டாலர்தான் ஒதுக்கியிருக்கு. ஏஜென்சிக்குள்ளயே நடக்கற மறுபரிசீலனையான இன்டர்னல் ரிவ்யூலயும் அதையே உறுதி பண்ணிட்டாங்க. இதுக்குள்ள தெரபி கம்பெனியோட 20 மணிநேரத்துக்கு ஒரு வருஷ சர்வீஸ் அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டு, சீட்டு எடுத்து, தங்கச்சிகிட்ட கைமாத்து வாங்கி தெரபியை ஆரம்பிச்சாச்சு. ஏஜென்சி முடிவை மறுபடி பாக்கற ட்ரைபியூனலான ஏஆர்டி-க்குப் போனா ஜெயிப்போமா, செலவு பண்ணது திரும்ப வருமான்னு கேக்கறாங்க.

பதில்:

உங்க லெட்டரை முழுசா படிச்சேங்க. பட்ஜெட் போடற ஏஜென்சி ப்ளானர் இருபது நிமிஷத்துல போனை வெச்சது, நீங்க பேசின இங்கிலீஷுக்கு நக்கலா பதில் சொன்னது, எதிர் வீட்டுப் பையனுக்கு 60,000 கிடைச்சது, எல்லாம் வயித்தெரிச்சல்தான், ஆனா கேஸுக்கு ஒண்ணுத்துக்கும் உதவாது. எதிர் வீட்டு ப்ளானை வெச்சு உங்க ப்ளானை யாரும் அளக்கப் போறதில்ல. ப்ளானர் மேல கம்ப்ளைன்ட் பண்ணணும்னா தனியா பண்ணுங்க, இதுல கலக்காதீங்க, ஏன்னா ட்ரைபியூனல் அந்த ப்ளானர் ஒழுங்கா பேசினாங்களான்னு பாக்காது, எல்லாத்தையும் முதல்ல இருந்து புதுசா பாத்து சரியான முடிவு எதுன்னு சொல்லும், அவ்வளவுதான்.

ட்ரைபியூனலுக்கு அப்ளை பண்ண இருபத்தெட்டு நாள் கெடு உங்களுக்குத் தெரியும், ஃபீஸ் கிடையாதுன்னும் தெரியும், அதனால அதுக்குள்ள போகல. நேரா விஷயத்துக்கு வரேன்.

உங்க கேஸ்ல இருக்கறது ஒரே ஒரு கேள்வி. ஏன் 20 மணிநேரம்? ஏன் 10 பத்தாது? செக்‌ஷன் 34, அதாவது எந்த உதவி நியாயமானது, தேவையானதுன்னு சொல்ற என்டிஐஎஸ் சட்டப் பிரிவு, கேக்கறது இதைத்தான். பையனுக்கு தெரபி தேவையான்னு இங்க சண்டையே இல்ல, ஏஜென்சியே ஒத்துக்கிட்டுத்தான் 31,000 கொடுத்திருக்கு. கொடுக்கற காசுக்கு தகுந்த பலன் இருக்கா, இப்ப நடைமுறையில இருக்கற நல்ல சிகிச்சை முறைப்படி இவ்வளவு மணிநேரம் பலன் தருமா, இதுல எவ்வளவு குடும்பமே பாத்துக்கறதுன்னு எதிர்பாக்கலாம், எவ்வளவு ஸ்கூல் பாத்துக்கணும், இதெல்லாம்தான் அளவுகோல். உங்க தெரபிஸ்ட் ரிப்போர்ட் பதினோரு பக்கம் இருக்கு, அதுல மணிநேரத்தைப் பத்தி இருக்கறது ஒரே வரி: 20 மணிநேரம் கிடைச்சா குழந்தை மிகவும் பயனடைவான். இதை ஏஜென்சி வக்கீல் ஒரு நிமிஷத்துல ஊதித் தள்ளிடுவார். ஆட்டிசம் சிஆர்சிங்கற ஆராய்ச்சி மையம் 2020-ல எல்லா ஆராய்ச்சியையும் தொகுத்து ஒரு பெரிய ரிப்போர்ட் போட்டுச்சு, போடச் சொன்னதே ஏஜென்சிதான். மணிநேரம் கூடக்கூட பலனும் கூடும்னு சொல்ல சீரான ஆதாரம் அதுல கிடைக்கல. அதை மேசைல வெச்சுட்டு, இந்தக் குழந்தைக்கு மட்டும் ஏன் 20-னு கேப்பாங்க. உங்க கையில பதில் இருக்கா?

பதில் இருக்கற ரிப்போர்ட் எப்படி இருக்கும்னா, மார்ச்ல வாரத்துக்கு இத்தனை தடவை கையைக் கடிச்சுக்கிட்டான், 8 மணிநேரம் தெரபி நடந்த மாசங்கள்ல இவ்வளவு குறைஞ்சுது, ஸ்கூல் லீவுல 4 மணிநேரமா குறைச்சப்ப இவ்வளவு ஏறிடுச்சு, பல் தேய்க்கறதுல எந்த ஸ்டெப்ல நிக்கறான், அதைத் தாண்ட எத்தனை வாரம் ஆகும், யார் கூட இருக்கணும், தெரபி அசிஸ்டென்ட்டே போதுமான்னு கணக்கோட எழுதியிருக்கும். அதை எழுதறது தெரபி விக்கிற கம்பெனியோட ஆளாவே இல்லாம சம்பந்தமில்லாத ஒரு சைக்காலஜிஸ்ட்டாவோ டெவலப்மென்டல் பீடியாட்ரிஷியனாவோ இருந்தா மதிப்பே வேற. இப்ப இருக்கறதுல 20 மணிநேரம் வேணும்னு சொல்றவரும் அந்த 20 மணிநேரத்துக்கு பில் போடறவரும் ஒரே ஆள். நான் எதிர்த்தரப்புல இருந்தாலும் அங்கதான் முதல்ல கையை வெப்பேன்.

உங்க புலம்பல்ல ஒண்ணே ஒண்ணு உதவும், நீங்க வேலையை விட்டது. ஆனா வேலை போச்சேன்னு எழுதாம, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கறீங்க, நைட் ஷிஃப்ட் போற உங்க வீட்டுக்காரர் எவ்வளவு பாத்துக்கறார், சின்னவளுக்கு யார் இருக்கா, இதையெல்லாம் ஒரு கேரர் ஸ்டேட்மென்ட்டா எழுதி வைங்க, குடும்பத்துக்கிட்ட எவ்வளவு எதிர்பாக்கலாம்ங்கற இடத்துல அது நேரா போய் உக்காரும்.

இப்ப நான் நிஜமாவே பயப்படற விஷயத்துக்கு வரேன், அது அந்த சர்வீஸ் அக்ரிமென்ட். தெரபி அசிஸ்டென்ட்டுக்கு மணிக்கு சுமார் 87 டாலர்னு வெச்சா 20 மணிநேரத்துக்கு வாரம் 1,740, மேல சூப்பர்வைஸ் பண்றவருக்கு ரெண்டு மணிநேரம் மணிக்கு சுமார் 194 ரேட்டுல, ஆக வாரத்துக்கு 2,100-க்கு மேல, வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல. உங்க கிட்ட இருக்கறது 31,000. 2025 மே-க்கு அப்புறம் வர ப்ளான்ல பணத்தை மொத்தமா கையில கொடுக்கறதில்ல, பெரும்பாலும் மூணு மூணு மாசமா பிரிச்சுத்தான் விடறாங்க. அப்ப உங்களுக்கு முதல் தவணை 7,750. நாலு வாரம் கூட தாங்காது. அதுக்கப்புறம் உங்க ப்ளான் பணத்துல பில் கட்டற ப்ளான் மேனேஜருக்கு க்ளெய்ம் பண்ண வழியே இல்ல, இன்வாய்ஸ் நேரா உங்க பேருக்கு வரும், ஏன்னா கையெழுத்து போட்டது நீங்க. ஏஜென்சிக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

இதுல மாட்டின குடும்பங்களை நிறைய பாத்தாச்சு. எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை, கேஸ் ஜெயிச்சதும் பழசையெல்லாம் சேர்த்து வாங்கிடலாம்னு. ட்ரைபியூனல் பாக்கறது பெரும்பாலும் இனிமே ப்ளான்ல என்ன இருக்கணும்னுதான், கடன் வாங்கி ஏற்கனவே கொடுத்த பணத்தை திருப்பி வாங்கறது தனிப் போராட்டம், அதை நம்பி சீட்டுப் பணத்தை இறக்காதீங்க. கேஸ் முடிய பல மாசம் ஆகும், அதுக்குள்ள ப்ரொவைடர் பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டு தெரபியையும் நிறுத்திடுவார். ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் ஆச்சு. கடைசியில ட்ரைபியூனல்ல கொஞ்சம் கூடுதலா வாங்கினாங்க, ஆனா அந்தப் புது பணம் எதிர்கால தெரபிக்கு மட்டும்தான், பழைய பாக்கியை அதுல அடைக்க முடியாது, வீட்டை ரீஃபைனான்ஸ் பண்ணித்தான் அடைச்சாங்க.

இன்னொண்ணு, நீங்க போற போக்குல ஒரு வரியா எழுதியிருக்கீங்க, எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. ப்ரொவைடர், கோர் பட்ஜெட்ல (அன்றாட உதவிக்கு ஒதுக்கினது) பணம் சும்மா கிடக்கே, இன்வாய்ஸ்ல சப்போர்ட் வொர்க்கர்னு போட்டு அதுல இருந்து எடுத்துக்கலாம்னு சொன்னாராமே. தயவு செஞ்சு வேண்டாம். ஏபிஏ செஷனை வேற பேர்ல பில் பண்ணா அது பொய்க் கணக்கு. ஏஜென்சி கண்டுபிடிச்சா அந்தத் தொகையை உங்க மேல கடனா போடலாம், ப்ளான் மேனேஜர் வழியா பணத்தைக் கையாளற உரிமையை எடுத்துடலாம். அதைவிட மோசம், ட்ரைபியூனல்ல உங்க நாணயமே போச்சு, அதுக்கப்புறம் எவ்வளவு நல்ல ரிப்போர்ட் கொண்டு வந்தாலும் சந்தேகத்தோடதான் படிப்பாங்க. ஏற்கனவே ஒண்ணு ரெண்டு அப்படி போயிருந்தா மறைக்காம உங்க வக்கீல்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

ரிப்போர்ட்ல இன்னொரு கண்ணி இருக்கு. தெரபி வேலை செய்யுதுன்னு காட்டற ஆசையில ஒரு வருஷத்துல மத்த பசங்களுக்கு சமமா வந்துடுவான்னு எழுதியிருக்காங்க. பையன் நாலு வயசுல ஸ்கீமுக்குள்ள வந்திருக்கான், அப்ப எந்த செக்‌ஷன்ல எடுத்தாங்க, 24-ஆ 25-ஆ? 24 நிரந்தரக் குறைபாட்டுக்கு, 25 ஏர்லி இன்டர்வென்ஷன் (ஆரம்பத்துலயே கொடுக்கற உதவி), அது நிரந்தரம்னு நினைக்காதீங்க, அந்தப் பசங்களோட தகுதியை ஏஜென்சி திரும்பக் கிளறிப் பாக்கறது இப்ப சகஜம். சமமா வந்துடுவான்ங்கற அந்த வரியையே எடுத்து, அப்ப இவனுக்கு ஸ்கீமே எதுக்குன்னு கேப்பாங்க. லெவல் 2-னு ஸ்பெஷலிஸ்ட் லெட்டர் இருக்கறது உங்களுக்கு நல்ல கவசம், அதை அப்டேட் பண்ணி பத்திரமா வைங்க. தெரபியால என்ன மாறும், வாழ்நாள் முழுக்க என்ன மாறாம இருக்கும், ரெண்டையும் பிரிச்சு எழுதச் சொல்லுங்க. அதே மாதிரி ரிவ்யூ போட்டா தெரபி வரி மட்டும்தான் பாப்பாங்கன்னு இல்ல, மொத்த ப்ளானும் மேசைக்கு வரும், உங்களுக்கு ஓய்வு கிடைக்க வேற ஆள் பையனைப் பாத்துக்கற, இப்ப சத்தமில்லாம கிடைச்சுட்டு இருக்கற ரெஸ்பைட் மணிநேரமும் சேர்த்து.

அப்ப போகலாமா வேண்டாமா? போங்க. ஆனா 20 வாங்கப் போறதா நினைச்சுப் போகாதீங்க. என்டிஐஎஸ் கேஸ்ல பெரும்பாலானது ஹியரிங் வரைக்கும் போறதே இல்ல, கேஸ் கான்ஃபரன்ஸ்ல, கன்சிலியேஷன்ல பேசி முடிஞ்சுடும். உங்ககிட்ட இப்ப இருக்கற காகிதத்தை வெச்சு எனக்குத் தோணறது, 10, 12 மணிநேரத்துக்கு ஆஃபர் வந்தா, கூடவே பேரன்ட் ட்ரெயினிங்குக்கு கொஞ்சம் மணிநேரம் இருந்தா, வாங்கிக்கிட்டு வெளிய வாங்க. சண்டை போட்டு 20 வாங்கற கேஸ் இது இல்ல. கோவத்துல ஆஃபரை உதறிட்டு ஹியரிங் போய் 8 மணிநேரத்தோட திரும்பினவங்களும் இருக்காங்க.

செட்டில்மென்ட்ல ஒரு இடத்துல மட்டும் பிடிவாதமா இருங்க. நீங்க கேஸை வாபஸ் வாங்குங்க, நாங்க புது ப்ளான் போட்டுத் தரோம்னு போன்ல சொன்னா ஒத்துக்காதீங்க. எத்தனை மணிநேரம், எந்த ரேட், எத்தனை மாசத்துக்கு, தவணை எப்படி, எல்லாம் எழுத்துல வந்து ட்ரைபியூனல் முடிவாவே பதிவாகணும். வாபஸ் வாங்கிட்டு புது ப்ளான்ல பழைய நம்பரையே பாத்து மறுபடி செக்‌ஷன் 100-ல, அதாவது இன்டர்னல் ரிவ்யூல இருந்து ஆரம்பிச்சவங்க கதையும் இருக்கு.

எனக்கு வக்கீல் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அரசு சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் நியூ சவுத் வேல்ஸ்ல கேட்டுப் பாருங்க, என்டிஐஎஸ் அப்பீலுக்குன்னே அரசு காசு கொடுக்கற அட்வகேட்களும் இருக்காங்க, இலவசம். ஜெயிச்சாலும் பொதுவா அவங்கவங்க வக்கீல் செலவு அவங்கவங்களுதுதான், 10 மணிநேரத்துக்காக எனக்கு 15,000 கொடுக்கறது உங்களுக்கு கட்டுப்படியாகாது.

நாளைக்கு காலைல முதல் வேலையா அந்த சர்வீஸ் அக்ரிமென்ட்ல கேன்சலேஷன் நோட்டீஸ் எத்தனை நாள்னு பாருங்க. பாத்துட்டு ப்ரொவைடருக்கு ஈமெயில்ல, போன்ல வேண்டாம், ஈமெயில்ல, இன்ன தேதியில இருந்து வாரம் 5 மணிநேரம் மட்டும்னு எழுதிடுங்க. உங்க 31,000-க்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.